நெல்லு நனைஞ்சிருச்சா?

பிரகதாம்பாளால் இப்போதெல்லாம் கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கிவர முடிவதில்லை. போன வாரம் திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானேம்மா அந்த நெல்லுத்தாய்? ஒரே ஒரு செல்ஃபி" என்றாள். தேங்காய்க்காரரும் கடையை விட்டு இறங்கிவந்து தலையைச் சீவிக்கொண்டு பக்கத்தில் நின்றார். எங்கிருந்தோ வந்த இன்னொருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்து, "அம்மா, அந்த டயலாக்க ஒரு தடவ சொல்லுங்கம்மா" என்றான்.

டயலாக்காம்! முதுகுத் தோல் உரிந்து, மூக்கிலும் வாயிலும் நெல்தூசி அடைத்துக் கிடந்தபோது அவள் கேட்ட ஒரு கேள்வி ஊருக்கெல்லாம் டயலாக் ஆகிவிட்டது. தேங்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். அன்று குழம்புக்குத் தேங்காய் அரைக்கவில்லை.

நடந்தது ஐப்பசி மாதம். வடவரங்குடி நெல் கொள்முதல் நிலையத்தில், மதில் ஓரமாக வானத்துக்கு அடுக்கி வைத்திருந்த மூட்டை அட்டி மழையில் சரிந்தது. அதற்கு அடியில் மாட்டிக்கொண்டவளைச் சாயங்காலம்தான் வெளியே இழுத்தார்கள். கண்ணைத் திறந்ததும் அவள் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்வி. "நெல்லு நனைஞ்சிருச்சா?" கூட்டத்தில் யாரோ ஒருவன் அதைப் படம் பிடித்துவிட்டான். மறுநாள் காலையில் தமிழ்நாடே அதைப் பார்த்தது. பின்னால் புல்லாங்குழல் சேர்த்து, 'உயிர் போகும் நேரத்திலும் நெல்லை நினைத்த தாய்' என்று எழுத்து ஓடவிட்டிருந்தார்கள். பார்த்தவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து ஒரு மாதமாக வீட்டு வாசலில் வண்டி நிற்காத நாளில்லை. கும்பகோணத்திலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் பட்டுப்புடவையோடு வந்து, அதை அவள் தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார். ஓர் அரிசி ஆலைக்காரர் பையில் அச்சடிக்க அவள் முகம் வேண்டும் என்றார். 'நெல்லுத்தாய் பொன்னி' என்று பெயர்கூட முடிவு செய்துவிட்டாராம். எந்தக் கட்சி என்றே தெரியாத ஒருவர் காலில் விழுந்து எழுந்தார். எழுந்ததும் கேமராக்காரனிடம், "படத்துல விழுந்துச்சா?" என்று கேட்டார்.

இவர்களில் ஒருவர்கூட மருதையன் என்ற பெயரைச் சொல்லவில்லை.

அந்த வீடியோவின் முதல் துண்டில் பிரகதாம்பாளின் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கால் தெரியும். வெறுங்கால், பாதம் வெளுத்து, விரல்கள் விரிந்து. அது மருதையனுடையது. டிவியில் போட்டபோது அந்தக் காலை ஓரமாக வெட்டிவிட்டார்கள். திரைக்கு அடியில் ஒரு தடவை மட்டும் 'சுமைப்பணித் தொழிலாளி ஒருவர் பலி' என்று ஓடியது. மீதியை ஊரே வெட்டியது. மருதையன் குடித்துவிட்டு அட்டி மேல் ஏறினான், அவன் ஆடின ஆட்டத்தில்தான் அட்டி சரிந்தது, விழுந்த நிமிஷமே உயிர் போய்விட்டது. கொள்முதல் நிலையத்தின் பட்டியல் எழுத்தர் இப்படிக் கதை கட்டிவிட, டீக்கடை வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. கடைசித் துண்டுக்குச் சாட்சி யார் என்று கேட்டால், பிரகதாம்பாள்தான்.

ஆமாம், அவள்தான் சொன்னாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது மருதையன் மனைவி அம்சம் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அவரு ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாராக்கா?" என்று கேட்டாள். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பிரகதாம்பாளின் புருஷன் வீரையனும் விவசாயிகள் சங்கத்து நல்லக்கண்ணுவும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று சொல்லியிருந்தார்கள். "உடனே போயிட்டான்னு சொல்லிடு. அந்தப் பொண்ணுக்கும் அதான் ஆறுதல்." ஆறுதல்தானே என்று பிரகதாம்பாளும் நினைத்தாள். "இல்லம்மா, உடனே போயிட்டான்" என்றாள். அந்த 'உடனே'யைப் பிடித்துக்கொண்டுதான் எழுத்தர் மீதியைக் கட்டினார். செத்துப்போன மனுஷனைக் குடிகாரனாக்கிக் கொளுத்தினார்கள். அதற்குக் கொள்ளி எடுத்துக் கொடுத்தவள் தான்தான் என்று பிரகதாம்பாளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. உறைத்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் எரிச்சல். எல்லோரையும்விடத் தன் மேல்தான் அதிக எரிச்சல்.

உண்மையில் நடந்ததை அவள் வீரையனிடம்கூடச் சொன்னதில்லை.

குத்தகை நிலத்தில் விளைந்த குறுவை நெல் ஒரு வாரத்துக்கு மேலாகக் கொள்முதல் நிலையக் களத்தில் கிடந்தது. பகலில் காயும், இரவுப் பனியில் நனையும், காலையில் ஈரப்பதம் கூடுதல் என்று எழுத்தர் உதட்டைப் பிதுக்குவார். ஏற்கெனவே வாங்கிய மூட்டைகளை ஏற்றிப்போக லாரி வரவில்லை. அட்டி ஏறிக்கொண்டே போனது. அடிமூட்டைகள் நனைந்து உப்பி, தையல் விட்டுப்போயிருந்தன. அன்று காலையில் மருதையன் எழுத்தரிடம் போய், "சார், மூட்டய மாத்தி மாத்திக் குறுக்க போடாம நேரா அடுக்கியிருக்கு. இதுக்கு மேல ஏத்துனா சாஞ்சிரும்" என்றான். "தூக்குறதுதான் ஒன் வேல. தூக்கு" என்றார் எழுத்தர். பிரகதாம்பாள் பக்கத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். காதால் கேட்டாள்.

மத்தியானம் அட்டிக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த நிழலில் உட்கார்ந்து அவள் டிபன் கேரியரைத் திறந்தாள். மருதையனும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்தான். அம்சம் போட்ட நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு துண்டை மூடியில் வைத்து நீட்டினான். குடித்தவன் வாடை எப்படி இருக்கும் என்று பிரகதாம்பாளுக்குத் தெரியாதா என்ன? வீரையனோடு இருபத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவள் அவள். மருதையன் மேல் வியர்வையும் சாக்குச் சணலும்தான் வாடை அடித்தது.

சோறு பாதி இருக்கும்போதே தூறல் விழுந்தது. நெல்லை மூட வேண்டும் என்று அவள் பதறி எழுந்தாள். "நீங்க படுதாவுல ஒரு முனையப் புடிங்கக்கா, நான் இன்னொரு முனையப் புடிக்கிறேன்" என்று அவனும் சோற்றை வைத்துவிட்டு எழுந்தான். அட்டி அப்போதுதான் சரிந்தது.

கண் திறந்தபோது இருட்டு. இரண்டு மூட்டைகள் மதிலில் முட்டிக்கொண்டு நின்றதால் அவள் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் இருந்தது. மருதையனுக்கு அந்த இடம் வாய்க்கவில்லை. அவன் நெஞ்சு மேலேயே மூட்டைகள் இருந்தன. ஆனால் உயிர் இருந்தது. "அக்கா, இருக்கீங்களா?" என்று முதலில் கேட்டவன் அவன்தான். அவளுக்கு வாயைத் திறந்தால் நெல்தூசி தொண்டையில் போய் அடைத்தது. குரல் வரவில்லை.

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ஒன்று இரண்டல்ல, ஊரே ஓடுகிற சத்தம். ஆள் வந்துவிட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். காலடிகள் கிட்டே வந்தன, அவர்களைத் தாண்டிப் போய்விட்டன. "படுதா! படுதா எங்கடா!" என்று கத்தல். "கல்ல வையி மேல!" பிரகதாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. சரிந்தது அரசாங்கம் வாங்கிவிட்ட மூட்டை. நனைவது தங்கள் நெல். எல்லோரும் அவரவர் குவியலை மூட ஓடுகிறார்கள். சரிந்த மூட்டைக்கு அடியில் ஆள் இருக்குமா என்று யார் நினைக்கப்போகிறார்கள்? வெளியே இருந்திருந்தால் அவளும்தான் ஓடியிருப்பாள்.

அந்தச் சத்தத்தில் ஒரு குரல் ரொம்பக் கிட்டத்தில் கேட்டது. "அந்த முனையப் புடி! இழுத்துக் கட்டு!" வீரையன் குரல். அவர்களுடைய குவியல் அட்டியிலிருந்து நாலு எட்டில்தான் இருந்தது. மருதையனும் அந்தக் குரலைக் கண்டுகொண்டான். மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினான். "வீரையண்ணே! ஆளு மாட்டியிருக்கோம்ணே! வீரையண்ணே!" படுதாவை இழுக்கிற சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் இழுக்கிற சத்தம். மருதையன் கத்திக்கொண்டே இருந்தான். கத்தல் முனகலானது. முனகல் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது.

மழை விட்டு, எல்லோரும் நெல்லை மூடி முடித்து, பிரகதா எங்கே என்று வீரையன் தேடி, சரிந்த மூட்டை ஓரத்தில் கேரியர் மூடியைப் பார்த்த பிறகுதான் தோண்டினார்கள். அப்போது அவள் கேட்டாள், நெல் நனைந்ததா என்று. ஒரு வாரமாக நிமிஷத்துக்கு நிமிஷம் கேட்டுப் பழகின வாய், தன் பாட்டுக்குக் கேட்டுவிட்டது. பக்கத்தில் ஒருவன் செத்துக் கிடந்தபோது கேட்ட கேள்வி அது. அதைத்தான் உலகம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

படுதா இழுக்கிற சத்தம் ஒரு நிமிஷம் நின்றதே, அது மட்டும் அவளைத் தூங்கவிடவில்லை. இந்த ஒரு மாதத்தில் ஒரே ஒரு தடவை வீரையனிடம், "அன்னிக்கி ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?" என்று கேட்டாள். "மழ கொட்டுது, என்ன கேக்கும்?" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டான்.

சென்னைத் தொலைக்காட்சி ஒன்றிலிருந்து பரணிதரன் என்ற செய்தியாளர் வந்தது கார்த்திகையில். கொள்முதல் நிலையத்திலேயே நேரலை. ஊரும் திரண்டது. நாற்காலி போட்டிருந்தார்கள். நல்லக்கண்ணு பொன்னாடையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எழுத்தர் புதுச்சட்டை போட்டிருந்தார். பின்னால் பார்க்க அழகாக இருக்கும் என்று பத்து மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். பிரகதாம்பாள் தன் நாற்காலியை அதிலிருந்து ஓர் எட்டு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பரணிதரன் நல்ல பையன் மாதிரித்தான் பேசினான். நல்ல பையன் மாதிரிப் பேசுகிறவர்களிடம்தான் அவளுக்கு இப்போது ரொம்பக் கோபம் வந்தது.

"ரெண்டு கையிலயும் நெல்ல அள்ளிக்குங்கம்மா. நான் கேட்டதும் அந்த வார்த்தைய சொல்லுங்க. கண்ணு கலங்குனா கலங்கட்டும், தொடைக்காதீங்க."

அவள் நெல்லை அள்ளினாள். ஏன் அள்ளினாள் என்றால், வீரையன் அள்ளச் சொல்லிக் கண்ணைக் காட்டினான், அள்ளினாள். ஒரு மாதமாக இப்படித்தான், யாராவது ஏதாவது சொல்ல, அவள் செய்துகொண்டிருந்தாள்.

கேமராக்காரன் கண்ணை இடுக்கிப் பார்த்தான். "சார், பின்னாடி ஒரு லேடி வருது."

பின்னால், மூட்டைகளுக்கு ஓரத்தில், விளக்குமாறும் கையுமாக அம்சம் நின்றுகொண்டிருந்தாள். மருதையன் போனதற்கு ஈடாகக் களத்தைப் பெருக்குகிற வேலையை அவளுக்குப் போட்டுக்கொடுத்திருந்தார்கள். குடிகாரன் பெண்டாட்டி ஆனாலும் போகட்டும் என்று எழுத்தர் பார்த்துச் செய்த தயவு. இன்றைக்கு டிவிக்காரர்கள் வருகிறார்கள் என்று விடியற்காலையிலிருந்து இரண்டு தடவை பெருக்க வைத்திருக்கிறார்கள்.

"அந்தம்மாவ கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்க. பிரேம்ல வருது" என்றான் பரணிதரன்.

"ஏ அம்சம், அந்தாண்ட போ!" என்று எழுத்தர் கையை வீசினார். அம்சம் நகர்ந்தாள். கேமராக்காரன் இன்னும் என்று கை காட்டினான். இன்னும் நகர்ந்தாள். மதில் வரைக்கும் போய்விட்டாள், அதற்கு மேல் போக இடமில்லை.

அன்று மருதையன் காலை வெட்டினார்கள், இப்போது பெண்டாட்டியை வெட்டுகிறார்கள். பிரகதாம்பாளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

"நேரலையில் இணைந்திருக்கிறோம்" என்று பரணிதரன் குரலை மாற்றிக்கொண்டு ஆரம்பித்தான். தாய்மை, மண், டெல்டா என்று என்னென்னவோ சொன்னான். பிறகு மைக்கை அவள் பக்கம் நீட்டினான். "அம்மா, மரணத்தோட பிடியிலிருந்து மீண்டு வந்ததும் நீங்க கேட்ட முதல் கேள்வி என்னம்மா?"

"சனியன் புடிச்ச கேள்வி" என்றாள் பிரகதாம்பாள்.

பரணிதரன் சிரிக்கப் பார்த்தான். அவள் கையிலிருந்த நெல்லைக் கீழே போட்டாள்.

"ஒருத்தன் செத்துக் கெடக்குறப்ப நெல்லு நனைஞ்சிருச்சான்னு கேட்டேன். வெக்கமா இல்ல உங்களுக்கு, அதக் கொண்டாடிக்கிட்டுத் திரியுறீங்களே! அவன் பேரு மருதையன். பேரச் சொன்னீங்களா ஒரு நாளாச்சும்? அவன் குடிக்கல. எம் பக்கத்துல ஒக்காந்து சோறு தின்னான். எம் படுதாவுக்கு முனை புடிக்கத்தான் எந்திரிச்சான். அட்டி சாயும்னு காலையிலயே சொன்னான், இந்தா புதுச்சட்ட போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரே, இவருகிட்டதான் சொன்னான். அவன் ஒடனேயும் சாவல. நான் பொய் சொன்னேன். கத்திக்கிட்டுக் கெடந்தான். நாம எல்லாரும் நெல்ல மூடிக்கிட்டிருந்தோம்..."

மைக் அவள் வாய்க்கு முன்னால் இல்லை. எப்போதோ இறக்கிவிட்டிருந்தான். பரணிதரன் காதில் கையை வைத்துக்கொண்டு, "கட் பண்ணிட்டாங்களா? எங்க கட் பண்ணாங்க?" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தான். முதல் வார்த்தையிலேயே விளம்பரத்துக்குப் போய்விட்டார்களாம். நல்லக்கண்ணு பொன்னாடையை மடியிலிருந்து எடுத்துப் பையில் வைத்தார். "ஊரையே காட்டிக் குடுக்குறா பாரு" என்று யாரோ சொன்னார்கள். எழுத்தர் எழுந்து ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தமிழ்நாடு கேட்கவில்லை. ஆனால் மதில் ஓரத்தில் நின்றவளுக்குக் கேட்டுவிட்டது. அம்சம் விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு நேராக நடந்து வந்தாள். பிரகதாம்பாள் அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையைக் கொடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கி வந்து ஒங்க கட்டிலுகிட்ட நின்னு கேட்டேன்ல?"

"ஆமாம்மா, கேட்ட."

"தெனம் இந்தக் களத்துலதான் கூட்டுறேன். நீங்க நெல்லு போட வந்தப்ப ஒங்க காலடியிலயும் கூட்டுனேன். அப்பல்லாம் சொல்லல. இன்னிக்கி டிவிக்காரங்களுக்குச் சொல்றீங்க. அதையும் நான் ஓரமா நின்னுதான் கேட்டுக்கணுமா?"

பிரகதாம்பாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் இருந்த வேகமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஊரையெல்லாம் வெளுத்து வாங்கிவிட்டோம் என்ற நிம்மதிகூட ஒரு நொடி வந்திருந்தது. அதை அம்சம் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கினது நியாயம்தான்.

"ரொம்ப நேரம் கத்துனாரா?"

"ரொம்ப நேரம்."

அம்சம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டுக் கேட்டாள். "என்னன்னு கத்துனாரு? எம் பேரச் சொன்னாரா? புள்ளைங்க பேரச் சொன்னாரா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஒரு வாய்தான் ஆகும். ஆறுதல்தானே. பிரகதாம்பாள் திரும்பி வீரையனைப் பார்த்தாள். அவன் நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். டிவிக்காரர்கள் வண்டி எப்போது கிளம்பும் என்பது போல அவன் கண் வாசல் பக்கமே இருந்தது. இன்னொரு ஆறுதலைத் தருவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை.

"இல்லம்மா. 'வீரையண்ணே, வீரையண்ணே'ன்னுதான் கத்துனான். இவரு பக்கத்துலதான் படுதா கட்டிக்கிட்டிருந்தாரு."

களத்தில் இருந்தவர்கள் வீரையனைப் பார்த்தார்கள். பரணிதரன்கூடக் காதிலிருந்து கையை எடுத்துவிட்டான். அம்சம் வீரையன் பக்கம் திரும்பினாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஒங்களுக்குக் கேட்டுச்சாண்ணே?"

வீரையன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. தன் பெண்டாட்டியைத்தான் பார்த்தான். அவன் முகம் கோணியது. ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்தது உடைந்து வந்தது. அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, கெஞ்சுகிற மாதிரி, கையை விரித்துக்கொண்டு கிட்டே வந்தான்.

"மருதையன் கொரலுன்னுதான்டி நெனச்சேன். மூட்ட சரிஞ்சிருச்சின்னு ஆளக் கூப்பிடுறான், நெல்ல மூடிட்டுப் போலாம்னு இருந்துட்டேன். சத்தியமாச் சொல்றேன் பிரகதா, நீ உள்ள இருக்கன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே ஓடியாந்திருப்பேன்டி."

"அது தெரியும்ணே" என்றாள் அம்சம்.

அவள் திரும்பிப் போய் மதில் ஓரத்திலிருந்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். பிரகதாம்பாள் கீழே போட்ட நெல் காலடியில் சிதறிக் கிடந்தது. அம்சம் அதைப் பெருக்கவில்லை. அதைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள். வீரையன் இன்னும் கையை விரித்தபடியே நின்றான். பிரகதாம்பாள் அந்தக் கையைத் தட்டிவிட்டு அம்சத்தின் பின்னாலேயே போனாள். கூப்பிட்டதால் போகவில்லை, அம்சம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாய்க்காலைத் தாண்டி, அம்சத்தின் சனம் குடியிருக்கிற அந்தத் தெருவுக்குப் போகிற பாதையில் இத்தனை வருஷத்தில் பிரகதாம்பாள் கால் வைத்ததில்லை. இன்று வைத்தாள்.